தோட்டத்து நாய்களைக் கணக்கெடுப்பது எப்படி, அதற்கு அப்புறம் என்ன?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் இளைஞர் கழகத்திலிருந்து வந்த கேள்வி இது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றித் திரியும் நாய்களைக் கணக்கெடுத்து ஏதாவது செய்ய நினைக்கிறார்கள். பிடித்துக் கொண்டுபோய் தூரத்தில் விட்டுவிடலாம் என்று ஊரில் சிலர் சொல்கிறார்களாம். முதலில் கருத்தடைதான் என்கிறார்களாம் வேறு சிலர். கையில் காசு குறைவு. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். லயத்துப் பக்கம் சிறுத்தை வருவது நாய்களால்தானா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது.

காசு குறைவென்றால் விசர்நோய்த் (ரேபிஸ்) தடுப்பூசிதான் முதல். அடுத்தது பெட்டை நாய்களின் கருத்தடை. பிடித்துக்கொண்டுபோய் விடுகிற யோசனையை மறந்துவிடுங்கள். ஆனால் ஊசிக்கும் கருத்தடைக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எந்த நாயை யார் கையால் பிடிக்க முடியும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மலையகத்தில் மிருக வைத்தியனாக வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தோட்டங்களில் நாய்த் திட்டங்கள் படுத்துவிடுவதற்கு மருந்துத் தட்டுப்பாட்டைவிட இது தெரியாததே பெரிய காரணம்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் காலை பத்து மணிக்குத் தோட்டத்துக்குள் வருவார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலும் கோயில் முன்னாலும் இருபது நாய் படுத்திருக்கும். எல்லாம் கட்டாக்காலி என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அதே நாய்களைச் சாயந்தரம் ஐந்து மணிக்குப் பாருங்கள். மலையிலிருந்து ஆட்கள் இறங்கும் நேரத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாசலுக்குப் போய் நிற்கும். ஜிம்மி, சீசர், மணி என்று ஆளுக்கொரு பெயர் இருக்கும். ஒரே நாய்க்கு மேல் லயத்தில் ஒரு பெயரும் கீழ் லயத்தில் இன்னொரு பெயரும் இருப்பதும் உண்டு, இரண்டு வீட்டிலும் சாப்பிடும். அதற்காக அவற்றை அநாதை நாய்கள் என்று சொல்ல முடியாது. மரக்கறித் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் குரைப்பதும் அவைதான், இருட்டில் பைப்படிக்குப் போகிறவர்களுக்குத் துணை போவதும் அவைதான். இரவில் அந்நியர் வந்தாலும் முதலில் தெரிவது அவற்றுக்குத்தான்.

அதனால் கணக்கெடுப்பில் "உங்களுக்கு நாய் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். பதிவு, வரி, தோட்ட நிர்வாகத்தின் கெடுபிடி என்று ஏதோ ஒன்று வரப்போகிறது என்ற பயம்தான் காரணம். "இந்த வாசலுக்கு எந்தெந்த நாய் சாப்பிட வரும்? அதில் எதை நீங்கள் கையால் பிடிப்பீர்கள்? நீங்கள் இல்லாவிட்டால் வேறு யார் பிடிப்பார்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்தான் ஊசி போடும் நாளில் உங்களுக்குக் கைகொடுக்கும். ஆண், பெண், குட்டி, வளர்ந்தது, கடைசியாக ஊசி போட்டது எப்போது, பெட்டையானால் கடைசியாக ஈன்ற குட்டிகளுக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் போனால் படிவம் நீளும், பதில் சுருங்கும்.

பகலில் போனால் வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். அவர்களுக்கு நாய்களைப் பற்றி நன்றாகவே தெரியும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. எந்தப் பெட்டை எந்தத் தேயிலைச் செடிக்கடியில் குட்டி போட்டிருக்கிறது என்று அவர்களைக் கேட்டால் போதும். ஆனால் நாயைப் பிடிக்கும் வேலையில் மட்டும் பிள்ளைகளை இறக்காதீர்கள். கடி வாங்குகிறவர்களில் பெரும் பங்கு சிறுவர்களே. சம்மதம் வாங்குவதும் ஊசி நாள் குறிப்பதும் கொழுந்து பறிக்கும் பெண்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் நடக்கட்டும், நாய்க்குச் சோறு வைப்பது பெரும்பாலும் அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம். முதல்நாள் தோட்டத் தலைவர்மார், கோயில் ஒலிபெருக்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா என்று மூன்று வழியாகவும் சொல்லி வையுங்கள். அறிவித்தல் தமிழில் இருக்க வேண்டும். இதைச் சொல்லவே வேண்டியதில்லைதான், ஆனால் சிங்களத்தில் மட்டும் ஒட்டிவிட்டு "தோட்டத்து ஆட்கள் ஒத்துழைப்பதில்லை" என்று குறைப்பட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றாலே சில லயங்களில் நாய்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். நாய் பிடிக்கும் வண்டியின் நினைவு அது. 2006இல் அரசாங்கம் நாய்களைக் கொல்வதை நிறுத்தும் கொள்கையை எடுக்கும் வரைக்கும் உள்ளூராட்சி சபைகள் நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டுதான் இருந்தன. வயதானவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. எனவே வண்டி வருவதற்கு முன்பே உங்கள் கழகத்துப் பையன்களும் பெண்பிள்ளைகளும் வீடு வீடாகப் போய் வந்திருக்க வேண்டும்.

கொல்வதால் நோய் அடங்குமா என்று கேட்பவர்களுக்கு இந்தோனேசியாவின் புளோரஸ் தீவைச் சொல்லலாம். 1997இல் அங்கே வெளியிலிருந்து வந்த நாய்களோடு விசர்நோய் நுழைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தீவின் நாய்களில் ஏறக்குறைய பாதியைக் கொன்றார்கள். நோய் போகவில்லை. நாய்களின் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் இந்த நோய் பரவும் வேகம் பெரிதாக மாறாது என்பது ஒரு காரணம். ஒரு விசர் நாய் சராசரியாக ஒன்றிரண்டு நாய்களுக்குத்தான் நோயைக் கொடுக்கும், நாய் அடர்த்தியான ஊரிலும் அப்படித்தான், ஐதான ஊரிலும் அப்படித்தான். இன்னொரு காரணம் நம் கையிலேயே இருக்கிறது. முதலில் பிடிபடுவது மனிதரிடம் பழகிய நாய், அதாவது போன வருடம் ஊசி போட்ட நாய். பாதுகாப்புள்ள நாயைக் கொன்றுவிட்டு அந்த இடத்துக்குப் பாதுகாப்பில்லாத குட்டியை வரவழைக்கிறோம். தூரத்தில் கொண்டுபோய் விடுவதிலும் இதே கதைதான், கூடவே நோயையும் வண்டியேற்றிக் கொடுக்கிற ஆபத்து இருக்கிறது. டவுனிலிருந்து இரவில் யாரோ கொண்டுவந்து நம் தோட்டத்து ரோட்டில் குட்டிகளை விட்டுப்போவதைப் பற்றிச் சலித்துக்கொள்கிற நாமே அதைச் செய்யலாமா?

தடுப்பூசி வேலை செய்கிறது என்பதற்கு நம் நாடே சாட்சி. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் ஆண்டுக்கு 300க்கு மேற்பட்டவர்கள் விசர்நோயால் இறந்தார்கள். இப்போது பெரும்பாலான ஆண்டுகளில் அது 20, 30 என்ற அளவில் நிற்கிறது. நாய்களுக்கு ஊசி, கடிபட்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவச ஊசி என்று இரண்டும் சேர்ந்து செய்த காரியம் இது. அந்தக் கடைசி இருபது முப்பதுதான் இறங்க மறுக்கிறது. 2030க்குள் நாய் மூலம் பரவும் விசர்நோயால் மனிதர் யாரும் சாகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனமும் மற்ற சர்வதேச அமைப்புகளும் வைத்திருக்கும் இலக்கு.

எத்தனை நாய்க்குப் போட்டால் போதும்? 70 சதவீதம் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஏன் 70 என்பதைப் புரிந்துகொண்டால் திட்டம் போடுவது சுலபம். தோட்டத்தின் ஒரு பிரிவில் (டிவிஷனில்) 100 நாய் என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் 70க்கு ஊசி போடுகிறீர்கள். நம் நாய்களின் ஆயுள் குறைவு. ஒரு வருடத்தில் 30 சதவீதம் செத்து அந்த இடத்துக்குக் குட்டிகள் வந்தால், அடுத்த மார்ச்சில் ஊசி போட்ட நாய் 49தான் மிஞ்சும். அப்போதும் நோய் சங்கிலியாகப் பரவும் அளவுக்குக் கீழே போகவில்லை. ஆனால் 40இல் தொடங்கியிருந்தால் 28இல் வந்து நிற்பீர்கள், ஒரு விசர் நாய் உள்ளே வந்தால் போதும். ஒரு வருடம் விட்டுவிட்டால் 70 போட்டதும் வீண்தான். அதனால் ஒரே தடவை தடபுடலாகச் செய்வதைவிட ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் செய்ய முடிகிறதா என்று பாருங்கள்.

குட்டிகளை விட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் ஆகவில்லை என்று திருப்பி அனுப்புகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. கூட்டு ஊசித் திட்டங்களில் அதற்குக் குறைந்த வயதுக் குட்டிகளையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய நிலைப்பாடு. பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சுவது குட்டிகளைத்தானே.

இனி எண்ணும் வேலை. ஊசி போட்ட நாய்க்கெல்லாம் ஓர் அடையாளம் வையுங்கள், மலிவான நிறப்பட்டி போதும். முதுகில் சாயம் பூசலாம்தான், ஆனால் மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து மழையில் அது மறுநாள் வரைக்கும் நிற்கும் என்று நம்பாதீர்கள். அடுத்த நாள் விடியற்காலை, ஆட்கள் பெரட்டுக்குப் போகும் நேரத்தில், எல்லா லயங்களையும் ரோடுகளையும் ஒரு சுற்று நடந்து கண்ணில் படும் நாய்களை மட்டும் எண்ணுங்கள். உதாரணமாக, நேற்று 80 நாய்க்குப் பட்டி கட்டினீர்கள். இன்று 60 நாய் பார்த்தீர்கள், அதில் 40இன் கழுத்தில் பட்டி இருந்தது. அப்படியானால் மொத்தம் 80 பெருக்கல் 60 வகுத்தல் 40, ஏறக்குறைய 120 நாய். மூன்றில் இரண்டு பங்குக்கு ஊசி போயிருக்கிறது, 70க்குச் சற்றுக் குறைவு. எந்த லயத்தில் பட்டியில்லாத நாய் கூடுதல் என்பதும் அதே நடையில் தெரிந்துவிடும், அன்று சாயந்தரமே அங்கே திரும்பப் போகலாம். என்னைக் கேட்டால் மொத்தத் தொகையைவிட அந்த இடம் தெரிவதுதான் முக்கியம். வீட்டுக்குள் கட்டிக் கிடக்கும் நாயும் செடிக்கடியில் கிடக்கும் குட்டியும் இந்த நடையில் கண்ணில் படாது. வீடு வீடாகக் கேட்டெடுத்த பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும்.

மாதத்தைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பக்கம் தென்மேல் பருவமழையில் நனைகிற பக்கம், மே தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் நம்ப முடியாது. ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வைத்துக்கொள்ளலாம். பண்டாரவளை, பதுளைப் பக்கத்து நண்பர்கள் கேட்டால் இதே கணக்கைச் சொல்லாதீர்கள், அவர்களுக்கு மழை வருட இறுதியில். ஊசிமருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். மலை குளிராகத்தானே இருக்கிறது என்று பெட்டியை வெயிலில் திறந்து வைக்கக் கூடாது.

ஊசிமருந்துக்கு நீங்கள் காசு தேட வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு ஒரு கடிதத்தோடு போய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் பொதுச் சுகாதார மிருக வைத்திய சேவை நாய்களுக்கு இலவசமாக ஊசி போடுகிறது. அவர்களுக்கு ஆளும் நேரமும்தான் போதாது. லயவாரியாகப் பட்டியலையும், நாயைப் பிடிக்கத் தெரிந்தவர்களின் பெயரையும் நீங்கள் கொண்டுபோனால் அவர்கள் வேலை பாதியாகிவிடும். பிரதேச சபையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுச் சட்டப்படி பதிவு உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. தோட்டத்துக்குள் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று சபைகள் கைவிரித்த காலம் ஒன்று இருந்தது. பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு அந்தப் பதில் செல்லாது. தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், துரை தடுக்காவிட்டால் அதுவே பெரிய உதவி.

ஊசி நாளில் மக்கள் கூடுவார்கள். அந்தக் கூட்டத்திடம் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டிய சில விஷயங்களை விட்டுவிடாதீர்கள். வாயில் நுரை தள்ளிக்கொண்டு துரத்திக் கடிப்பதுதான் விசர் நாய் என்று பலரும் நினைக்கிறார்கள். மந்த வகை ஒன்றும் உண்டு. நாய் மூலையில் போய் ஒடுங்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கையை விடுவார்கள். மாட்டிலும் இப்படி நடக்கும். தீனி எடுக்காமல், குரல் மாறிக் கத்திக்கொண்டு நிற்கிற மாட்டின் வாய்க்குள்ளும் யாரும் கைவிடக் கூடாது. நல்ல நாயாகத் தெரிகிறதே என்றும் இருந்துவிட முடியாது. குணம் மாறுவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் வைரஸ் வந்துவிடும்.

கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில் நக்கினாலோ உடனே ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் வைரஸின் பெரும் பகுதி அதிலேயே போய்விடும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. கழுவியதும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வயிற்றில் போடும் பழைய ஊசி இப்போது கிடையாது, கையில் தோலுக்குள் சின்னதாகப் போடுகிறார்கள். குறித்த நாட்களில் சில தடவை போக வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் தவறவிடுகிறார்கள். முதல் ஊசிக்குப் போவார்கள். மூன்றாவது ஊசி நாளில் மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும், பஸ் காசும் போகும், புண்ணும் ஆறிவிட்டது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். நோய் வெளிப்படப் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடம் கூட ஆகலாம். வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற வழியில்லை. உங்கள் கழகம் கடிபட்டவர்களுக்கென்று ஒரு கொப்பி வைத்து, அடுத்த ஊசித் திகதியை வீட்டுக்குப் போய் நினைவுபடுத்தி, தேவைப்பட்டால் பஸ் காசும் கொடுத்தால், செலவுக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால் இதற்கு மேல் எதுவும் இல்லை.

கடித்த நாயைக் கொல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் வைத்தியருக்கு உதவுவதற்காகத்தான். உலக சுகாதார நிறுவனம் 10 நாள் என்கிறது, இலங்கையில் 14 நாள் பார்க்கச் சொல்வது வழக்கம். அவ்வளவு நாளும் அது நலமாக இருந்தால் கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். இதற்காக வைத்தியசாலைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. சந்தேகமான நாய் செத்துவிட்டால் உடனே புதைக்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். தலையை ஐசில் வைத்துப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையம் போன்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் மூளையைச் சோதித்து முடிவு சொல்வார்கள். நீங்களே வெட்டப் போகாதீர்கள்.

கருத்தடைக்கு வருவோம். குட்டி போடுவது பெட்டைதான், எனவே காசு குறைவாக இருக்கும்போது பெட்டைகளை மட்டும் எடுங்கள். பத்துக் கடுவனுக்குக் கருத்தடை செய்து, ஒன்றை விட்டுவிட்டாலும் குட்டிகளின் எண்ணிக்கை குறையாது. லயங்களில் பெட்டைக்குட்டி என்றால் வேண்டாம் என்பார்கள். பால்குடி மறக்கும் முன்பே சந்தையிலோ பஸ் ஸ்டாண்டிலோ கொண்டுபோய் விடுவார்கள். அதில் பெரும்பாலானவை செத்துப்போகும். நாய் நலன் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பேச வேண்டியது இதைத்தான். கருத்தடை செய்த பெட்டை குட்டி போடாது, வாசலில் கடுவன்கள் கூடிச் சண்டை போடாது என்று தெரிந்தால் பெட்டைக்குட்டியை வைத்துக்கொள்ள வீடு கிடைக்கும். அதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும்.

முகாம் நடத்த ஆள் கிடைத்தால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மயக்கத்திலிருந்து தெளியும் நாயின் உடல் வெப்பம் இறங்கிவிடும். நம் உயரத்தில், சாயந்தரக் குளிரில், சீமெந்துத் தரையில் கிடத்தினால் நல்லபடியாக முடிந்த சத்திரசிகிச்சைக்குப் பிறகும் நாய் செத்துப்போகலாம். சாக்கு, பழைய கம்பளி, சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் தயாராக இருக்கட்டும். பிற்பகலில் புதிய நாய்களை எடுக்க வேண்டாம். ஒரு நாய் செத்தால் அந்தச் செய்தி எல்லா லயத்துக்கும் போய்விடும், அடுத்த முகாமுக்கு யாரும் கொண்டுவர மாட்டார்கள்.

நாய்களின் நலனையும் அதே விடிகாலை நடையில் அளந்துவிடலாம். விலா எலும்பு தெரிகிறதா, தோலில் சொறி இருக்கிறதா, நொண்டுகிறதா, பால் சுரக்கும் பெட்டை எத்தனை என்று நான்கு கட்டம் போட்ட தாள் போதும். அடுத்த வருடம் அதே தாளோடு போனால் நிலைமை மாறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். சொறிக்கு இப்போது நல்ல மருந்து இருக்கிறது. பிறப்புறுப்பில் இரத்தம் வடியும் கட்டி, இணை சேரும்போது தொற்றுவது, வாரம் ஒரு ஊசியாகச் சில வாரத்தில் பெரும்பாலும் குணமாகும். குடற்புழு மருந்தை ஊசி நாளிலேயே கொடுத்துவிடலாம். நாயின் கொக்கிப்புழு வகை ஒன்று மனிதருக்கும் வரும், லயத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடுதானே விளையாடுகிறார்கள். எல்லா நாயையும் சங்கிலியில் கட்டிவிட்டால் பிரச்சினை தீரும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு முழச் சங்கிலியில் நாள் முழுக்கக் கிடக்கும் நாய்தான் அவிழ்ந்த அன்று ஆளைக் கடிக்கும்.

எடுத்த கணக்கை எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். எந்த லயத்தில் எத்தனை, எத்தனைக்கு ஊசி என்று ஒரு பெரிய தாளில் எழுதிப் பிள்ளைக் காம்பராவிலோ கோயிலிலோ ஒட்டுங்கள். கேள்வி கேட்டுக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்களைத் தோட்டத்து ஜனங்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

சிறுத்தை விஷயம். ஆமாம், சிறுத்தை நாயைப் பிடிக்கும், லயத்துக்கு அருகில் வர அதுவும் ஒரு காரணம். ஆனால் நாய் இல்லாவிட்டால் சிறுத்தை இருக்காது என்று எண்ண வேண்டாம். காடும் தேயிலையும் ஒட்டிக் கிடக்கும் நிலத்தில் அது மான், பன்றி, முள்ளம்பன்றியைத் தேடி நடமாடிக்கொண்டுதான் இருக்கும். ஆதரவில்லாத குட்டிகளும், லயத்துக்குக் கீழே கொட்டும் கோழிக்கழிவும் குறைந்தால் இரவில் வாசல் வரைக்கும் வருவது குறையலாம். இரவில் நாயை உள்ளே எடுத்துக்கொள்வது நாய்க்கும் நல்லது, சிறுத்தைக்கும் நல்லது. அதைவிட அவசரமானது கம்பிச் சுருக்கு. பன்றிக்கென்று வைப்பதில் நாயும் மாட்டுகிறது, சிறுத்தையும் மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படித்தான் மாட்டிச் செத்தது. உங்கள் விடிகாலை நடையில் தேயிலை ஓரத்தில் சுருக்கு எதுவும் கண்ணில் பட்டால், வெறுமையாக இருந்தாலும் வனசீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். விலங்கு மாட்டியிருந்தால் கிட்டப் போகாமல் ஆட்களைத் தள்ளி நிற்கவைத்துவிட்டு அவர்களைக் கூப்பிடுங்கள்.